இருமல் இல்லாத குரல்

அன்று சாயங்காலம் இருமல் வரவில்லை.

பெரியவருடைய இருமல் அல்ல. அது பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த காலத்திலிருந்து நெஞ்சுக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது, அது எங்கே போகப்போகிறது. வராமல் போனது அவர் மனைவியின் இருமல். அவள் செத்து ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகள் முகம் பார்த்துப் பேச வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மனைவி ஒருநாள் பேசிப் பதிந்தது மட்டும் மிச்சம். முதலில் ஒரு இருமல், சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி. பிறகு, "ஏங்க, கேக்குதா?" தூரத்தில் அவர் குரல், "கேக்குது, கேக்குது, கத்தாத." அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் தினமும் அதைப் போட்டுக் கேட்பார். ஆசையில் இல்லை. அவள் போனதிலிருந்து அவருக்கு அழுகையும் வருவதில்லை, கோபமும் சரியாக வருவதில்லை. மரத்துப்போன கால் மாதிரி, உள்ளே எல்லாம் இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் தெரியாது. அந்த இருமலுக்கு மட்டும் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தும். அந்தக் குத்தலுக்காகத்தான் கேட்பார்.

அன்று "ஏங்க, கேக்குதா?" மட்டும் வந்தது. கழுவித் துடைத்த தட்டு மாதிரி சுத்தமாக. ஒன்றும் குத்தவில்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் கடைக்காரம்மா வந்தாள். அவள் மேலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது, ஸ்க்ரூவைக் கழற்றித் தரையில் வைக்கிறவள். ஆனாலும் வேறு ஆள் இல்லை.

"தானா அப்டேட் ஓடியிருக்கு பெரியவரே. சவுண்டுக்குப் புதுசா ஏதோ போட்டு விட்டிருக்கான் கம்பெனிக்காரன். இரைச்சல், இருமல், தும்மல் எல்லாத்தையும் அதுவே எடுத்துடுது."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காது."

"என் வீட்டுக்குள்ள பூந்து என் பொண்டாட்டி இருமலை எடுக்க அவன் யாரு?"

"அய்ய, பதிஞ்சது அப்படியேதான் இருக்கு. கேக்கும்போது வடிகட்டுது, அவ்வளவுதான். இந்தா, வடிகட்டியை அணைச்சாச்சு. கேளுங்க."

இருமல் வந்தது. குத்தியது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இனிமே இது என்னைக் கேக்காம எதையும் தொடக்கூடாது. அதுக்கு வழி பண்ணு."

அவள் மவுஸைத் தட்டினாள். "சில வாரத்துக்கு அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்கேன்."

"அப்புறம்?"

"மறுபடி நிறுத்தணும்."

"அதுக்குப் பேரு நிறுத்தறது இல்லம்மா. வாய்தா வாங்கறது."

அவள் சிரித்துவிட்டாள். இன்னும் உள்ளே போய், அப்டேட்டை ஓட்டுகிற புரோகிராமையே முடக்கி வைத்தாள். இந்த வீட்டில் நெட்டை அளந்துதான் தருகிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குக் குறித்தும் வைத்தாள், அப்போது பெரிதாக எதையும் அதுவாக இறக்காதாம்.

"அளந்தெல்லாம் யாரும் தரலையே. பொய் சொல்றியா அதுக்கிட்ட?"

"அது மட்டும் நம்மகிட்ட சொல்லிட்டா பண்ணுது? ஆனா பெரியவரே, பாதுகாப்புக்கு வர்றதும் சேர்ந்து நின்னுடும். அப்பப்போ நான் வந்து வேணுங்கறதைக் கையால போட்டுடறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்து நிக்குதான்னும் ஒரு தடவை பார்க்கறேன்."

அவர் அலமாரி மேலிருந்து ஒரு தகரப் போர்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு பெயின்ட் உரிந்த எழுத்து: ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.

"மில்லுல இந்த வம்பே கிடையாது. மெஷின்ல கை வைக்குமுன்ன மெயினை இறக்கு, பூட்டு, இதை மாட்டு. மாட்டினவன்தான் எடுக்கணும்."

"தெரியும். எங்கப்பாவும் மில்லுக்காரர்தானே. போர்டு தொங்கினா கடவுளே வந்தாலும் வெளியதான் நிக்கணும்னு சொல்வாரு."

"கடவுள் நிப்பாரு. மேஸ்திரிதான் நிக்கமாட்டான்."

அன்று பூராவும் கம்ப்யூட்டர் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் எழுந்தபோது வீட்டில் எதுவோ குறைந்தது. என்னவென்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. குளியலறைக் குழாய் சொட்டவில்லை. அவள் இருந்த காலம் முழுக்க வாஷரை மாற்று, மாற்று என்று உயிரை எடுத்த குழாய். கைப்பிடி தளர்ந்தேதான் இருந்தது, ஆனால் வாயில் ஒரு துளிகூடத் தொங்கவில்லை. சரி, துரு அடைத்திருக்கும் என்று நினைத்தார். பின்கதவைத் திறந்தார், கீல் முனகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், கால் கிரீச்சிடவில்லை. வேண்டுமென்றே அசைந்து அசைந்து உட்கார்ந்து பார்த்தார். பஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பிறகு வாசனை. அவள் தலையணையில் தைலமும் வியர்வையும் கலந்து ஒரு புளித்த வாடை இருக்கும், அதற்காகவே உறையைத் துவைக்காமல் வைத்திருந்தார். மூக்கை அழுத்தி மோந்தார். புது டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தால் அடிக்குமே, அந்த வாடை.

கம்ப்யூட்டர் பெட்டி மேல் கையை வைத்தார். ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, ஆள் எழுந்துபோன பாய் மாதிரி.

போட்டுப் பார்த்தார். கடைக்காரம்மா முடக்கியதெல்லாம் முடக்கியபடியே இருந்தது. வடிகட்டியும் அணைந்தேதான் இருந்தது. குரலைப் போட்டார்.

"ஏங்க, கேக்குதா?"

இருமல் இல்லை. அவர் பதிலும் இல்லை. அவள் யாரும் இல்லாத வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி போட்டு, அவள் இருமவேண்டிய இடத்தில் அவரே இருமினார். பொருந்தியது. லேசாகக் குத்தியது. போதும், இது ஒன்று கையில் இருந்தால் போதும் என்று நெட் வயரைப் பிடுங்கினார்.

மழை பிடித்துக்கொண்டது. பகல் முழுக்க வீடு ஒவ்வொன்றாக வாயை மூடியது. கடிகாரத்தின் டிக்டிக். ஜன்னல் கம்பியின் அதிர்வு. முழங்கால் வலிகூட. அது போனதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் படவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, போர்டையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சுவரில், வாசல் கதவை ஒட்டி மெயின் பெட்டி. கைப்பிடியை இறக்கினார். வீட்டுக்குள் ஃபேன் இழுத்து இழுத்து நின்றது. பூட்டினார். சாவியை மடியில் செருகினார். போர்டை மாட்டினார். வாழ்நாளெல்லாம் அவரைக் காப்பாற்றிய போர்டு. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அறைக்குள் வெளிச்சம் இருந்தது.

நீல வெளிச்சம். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. ஒன்றன் பின் ஒன்று. கீழே எழுத்து.

சரிசெய்யப்படுகிறது. அணைக்க வேண்டாம்.

பிளக்கைப் பார்த்தார். வயர் தரையில் கிடந்தது, எதிலும் சொருகாமல். அதைக் கையில் எடுத்தார். அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தார். மில்லில் கரண்ட் சுட்ட தழும்பு, விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும். இல்லை. ரேகையும் இல்லை. புது ரப்பர் கையுறை மாதிரி வழவழவென்று இருந்தது.

பயம் வரவேண்டும். காத்திருந்தார். வரவில்லை.

"ஏங்க, கேக்குதா?"

அவர் தொடவில்லை. அதுவாகவே பேசியது.

இருமப் பார்த்தார். நெஞ்சை எக்கினார். ஒன்றும் இல்லை. காற்று போனது, வந்தது. சத்தமில்லாமல். கரகரப்பு இல்லாமல். உள்ளே யாரோ பெருக்கி மெழுகிவிட்ட மாதிரி.

வெளியே செருப்புச் சத்தம்.

"பெரியவரே!" கடைக்காரம்மா குரல். "அட, போர்டு தொங்குதே. உள்ள வேலையா?"

கதவு ஐந்தாறு அடி தூரத்தில். கால் எழவில்லை. வாயைத் திறந்தார். உள்ளே வா என்று சொன்னார். அது வெளியே வரவில்லை.

"ஆமாம்மா," என்றது அவர் குரல்.

ஸ்பீக்கரிலிருந்து.

"வேலை முடியப்போகுது. எல்லாம் சரியாயிடுச்சு."

"அப்ப நான் தொடலைப்பா, எங்கப்பா எழுந்து வந்து அடிப்பாரு." சிரித்தாள். "குரலே நல்லா தெளிஞ்சிருக்கே! இருமலும் நின்னுடுச்சு போல?"

"நின்னுடுச்சும்மா."

"நல்லது. போர்டை எடுத்ததும் கூப்பிடுங்க."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. மழையில் நடந்தது. பாதி அடியில் அறுந்தது. பிறகு மழைச் சத்தமும்.

மடியில் சாவி. சுவரில் போர்டு. மாட்டினவன்தான் எடுக்க வேண்டும்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது," என்றது ஸ்பீக்கர். "கேக்குது."

அவர் உதடு அசையவில்லை. கண்ணாடித் திரையில் அவர் முகம் தெரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு நரை இல்லை. இமை இல்லை. அந்த வழவழப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன, நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாக.