பையில் உள்ளவை

விண்வெளிக் கப்பலில் எவர்சில்வர் டம்ளருக்கு என்ன வேலை? நாற்பத்தொன்றாவது வரியை மைக்கில் சொல்லி முடித்த பிறகுதான் மர்யமுக்கு அது உறைத்தது. "வாய் நசுங்கிய டம்ளர். எடுத்துக்கொள்ளலாம்."

தாராவியில் அவள் வீட்டுக்குக் கீழே தோல் பை தைக்கும் மிஷின்கள் ஜும்ஆ தொழுகைக்காக நிற்கிற வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் ரெக்கார்டிங்குக்கு வாய்க்கும். கணவன் பைசானும் தையல்காரர்களும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். மாடி அறையில், வெளிச்சத்தம் மைக்கில் விழாமலிருக்கக் கனத்த பஞ்சு ரஜாயைத் தலையோடு போர்த்தி, காதில் ஹெட்போன் மாட்டி, லேப்டாப் வெளிச்சத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். பலகை இடுக்கு வழியாக ஏறிவந்த தோல் வாடையும் பசை வாடையும் ரஜாய்க்குள் அடைந்து மூச்சை முட்ட, வெளியே பாயில் தூங்கும் நான்கு வயது மெஹக்கின் குதிகால் மட்டும் அவள் இடுப்பில் இதமாக முட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வருஷப் பழைய கம்ப்யூட்டர் கேம் அது, இப்போது தமிழில் வருகிறது. ஆளில்லாத கப்பலில் ஒருவன் மாட்டிக்கொள்வான். எந்தச் சாமானைக் கிளிக் செய்தாலும் கப்பல் பேசும். உதவாததென்றால் 'தேவையில்லை' என்று எரிந்துவிழும். உதவுமென்றால் 'எடுத்துக்கொள்ளலாம்', உடனே அந்தச் சாமான் மறைந்து அவன் பைக்குள் போய்விடும். மர்யம்தான் கப்பலின் குரல். ஈவிரக்கமில்லாத குரல் வேண்டும் என்று ஸ்டுடியோக்காரன் கேஷவ் கேட்டிருந்தான். அது அவளுக்குச் சுலபமாக வந்தது.

படிப்பதுதான் வரவில்லை. இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டி, வாய்விட்டுத்தான் படிப்பாள். வாய் சொல்லி முடித்த பிறகுதான் அர்த்தம் ஆடி அசைந்து வந்து சேரும். கேஷவிடம் இதை மறைத்துத்தான் வேலையை வாங்கியிருந்தாள்.

தொண்டை வறண்டது. முழங்காலருகே தடவினாள். தண்ணீர் வைத்திருந்த டம்ளர் இல்லை. வாய் நசுங்கிய அவள் டம்ளர்.

சீ, இங்கேதான் எங்கேயாவது உருண்டிருக்கும். அடுத்த வரிக்குப் போனாள்.

"இ... ரு... ம்பு ஏணி. எடுத்துக்கொள்ளலாம்."

சொன்ன பிறகுதான் அர்த்தம் வந்து சேர்ந்தது. ரஜாயைத் தலையிலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தாள். கீழே இறங்கும் சதுர ஓட்டை இருந்தது. அதில் சாய்ந்திருக்கும் இரும்பு ஏணி இல்லை.

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டுடியோவுக்கு போன் போட்டாள்.

"கேஷவ் சார், கப்பல்ல டம்ளரு, ஏணியெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"என்ன உளறறேள்? நான் அனுப்பினது மொத்தமே நாப்பது லைன். தமிழ் நன்னாப் படிப்பேன்னேளே, பொய்யா?"

வைத்துவிட்டான்.

மர்யம் மெஹக்கை வாரி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பிள்ளை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கியது. கீழே குரல் கொடுத்தாள். பதில் இல்லை. சந்தில் ஒரு ஆள் இல்லை.

திரையில் இன்னும் ஒரு வரி இருந்தது.

யா அல்லாஹ், எடுத்ததைத் திரும்ப வைக்கிற வரியாக இருக்கட்டும். மனதுக்குள்தான் படிக்க நினைத்தாள். பழகிய உதடு கேட்கவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ம... ஞ்ச... ள் க... வு... ன். தூ... ங்கு... கிற... து. எடுத்துக்கொள்ளலாம்."

மஞ்சள் கவுன்.

காலையில் அவள்தான் மாட்டிவிட்டாள்.

மடி லேசானது.

கைகள் மட்டும் வட்டமாக, எதையோ அணைத்தபடி. உள்ளங்கையில் இன்னும் பிள்ளைச் சூடு. ஹெட்போனில் டம்ளர் உருளும் சத்தம். இரும்பில் எதுவோ இடிபடும் சத்தம்.

"உம்மா... இருட்டா இருக்கு. நீயும் வா."

திரையில் புது வரி முளைத்தது. இந்த முறை அவளே மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எடுத்துக்கொள். என்னையும் எடுத்துக்கொள். கண்ணீரில் எழுத்து கலங்கியது. துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

"அ... றை... யில் ஒரு பெண்."

ஆமாம். நான்தான். நான்தான்.

"தே... வை... யி... ல்லை."

அவ்வளவுதான். அதற்குக் கீழே வரி இல்லை.

கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஹெட்போனில் மெஹக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.