மாப்பிள்ளையைக் கொண்டுபோனவர்

"மாப்பிள்ளையைக் காணோம், மேடம்" என்று நூலகரிடம் சொல்லிக்கொண்டே செடி மேடம் கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தபோது, உடற்கல்வி ஆசிரியரான விசில் மாஸ்டர் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் மூழ்கிக் கிடந்தார். யாருடைய கல்யாணமோ நின்றுபோய்விட்டது என்று பதறி எழுந்தார். காணாமல் போனது முதலுதவிப் பயிற்சிக்கு வந்த ரப்பர் பொம்மை என்று தெரிந்ததும், பாதி நிம்மதியும் பாதி ஏமாற்றமுமாக மறுபடி உட்கார்ந்தார்.

செடி மேடம் தாவரவியல் ஆசிரியை. ஆசிரியர்களுக்கான பயிற்சிகளை நடத்தும் பொறுப்பும் அவர் தலையில்தான். வழக்கமாக யாராவது வந்து நேர நிர்வாகம் பற்றி நேரம் போவது தெரியாமல் பேசுவார்; பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். இந்த முறை அதெல்லாம் வேண்டாம், உருப்படியாக ஒன்று கற்றுக்கொள்வோம் என்று முதல்வரிடம் மல்லுக்கு நின்று, மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்திருந்தார். நின்றுபோன இதயத்தை, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி ஓட வைப்பது எப்படி என்று நர்ஸ் நேற்றுச் செய்து காட்டினார். அதற்குத்தான் தலையும் நெஞ்சும் மட்டும் உள்ள அந்தப் பொம்மை. படுத்த இடத்தில் படுத்துக்கொண்டே இத்தனை பேரை வேலை வாங்குகிறதே, சரியான மாப்பிள்ளைதான் என்று யாரோ சொல்ல, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இன்று மதியம் ஒவ்வொருவரும் தனியாக அழுத்திக் காட்ட வேண்டும். பொம்மை இல்லையென்றால் பயிற்சி இல்லை. மருத்துவமனை இனி இந்தப் பக்கம் ஒரு பஞ்சைக்கூட அனுப்பாது. செடி மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கல்லூரியில் குடை தொலைந்தாலும் டிபன் பாக்ஸ் தொலைந்தாலும் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விசில் மாஸ்டருக்கு நேர் எதிர். மாஸ்டருக்கு மைதானத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம் நூலகத்தில்தான் வாசம். நூலகர் எதையாவது கண்டுபிடிக்கக் கிளம்பினால் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொள்வார்.

"அது கெடக்கட்டும், அந்தக் குழாய் சொட்டறது நின்னுடுச்சா, மாஸ்டர்?" என்று கேட்டார் நூலகர்.

மாஸ்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையில் வந்ததும் வராததுமாக, எங்கோ குழாய் சொட்டுகிறது, போய்ப் பாருங்கள் என்று நூலகர் அவரை விரட்டியிருந்தார். போய்ப் பார்த்தால் குழாய் காய்ந்து கிடந்தது. முதல் மணி அடித்ததும் சத்தமும் தானாக நின்றுவிட்டது. பொம்மை போன கவலையில் செடி மேடம் நிற்கும்போது குழாயைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டே, நின்றுவிட்டது என்றார்.

மூவரும் பயிற்சி அறைக்குப் போனார்கள். பூட்டு உடையவில்லை. எல்லா அறைச் சாவிகளும் ஆசிரியர் அறைச் சுவரில் ஆணியில் தொங்கும். ஆசிரியர் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பாய்கள் விரித்தது விரித்தபடி இருந்தன. பொம்மை வந்த பெரிய பை மூலையில் காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் இருந்த, பொம்மையின் முகத்தைத் துடைக்கும் மருந்துத் துணிப் பெட்டியும் இல்லை.

"ஹாஸ்டல் பசங்க வேலை. இன்னேரம் அதுக்குச் சட்டை மாட்டி ஜன்னல்ல உட்கார வச்சிருப்பானுங்க" என்றார் மாஸ்டர். நூலகர் காலிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் பாட்டு மேடம் எதிர்ப்பட்டார். அவருக்கும் ஒரு புகார். சாவி கொடுத்து வைத்தால் ஊசி இப்படியும் அப்படியும் ஆடி, ஒரே சீராக டக் டக்கென்று தாளம் போடுமே, அந்தத் தாளப் பெட்டியை இசை அறையிலிருந்து யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மாஸ்டர் அவரை வரிசையில் நிற்கச் சொன்னார். முதலில் மாப்பிள்ளை, பிறகு மேளதாளம். பாட்டு மேடம் முறைத்தார். ஆனால் நூலகர் நின்று, அந்தப் பெட்டியை எவ்வளவு வேகத்துக்கு வைக்கலாம் என்று நிதானமாக விசாரித்தார். எவ்வளவு வேகத்துக்கும் வைக்கலாம் என்றார் பாட்டு மேடம்.

ஆசிரியர் அறை வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தது. இடப்பக்கம் நம்மவர் செய்திகள், வலப்பக்கம் பயிற்சி வாய்ப்புகள். இரண்டையும் குத்தி வைப்பது நூலகரின் வேலை. வலப்பக்கத்தில் முதலுதவிப் பயிற்சி. இடப்பக்கத்தில் வணிகவியல் ஆசிரியரின் மனைவி, இதயத்தில் இருந்த அடைப்பை நீக்கிய பிறகு தேறி, நாளை வீடு திரும்புகிறார் என்ற நல்ல செய்தி. மனிதர் வேலையை விட்டுவிடப் போவதாகவும் ஒரு பேச்சு அடிபட்டது. அதைப் பலகையில் யாரும் குத்தவில்லை.

அந்த வணிகவியல் ஆசிரியர் உள்ளேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கே அவர் இஸ்திரி சார். அவருடைய பேண்ட் மடிப்பில் காய் நறுக்கலாம் என்பார்கள். தன் துணியைத் தானேதான் தேய்ப்பார். மனைவி மருத்துவமனையில் கிடந்த நாட்களில்கூட அந்த மடிப்பு கலையவில்லை. இன்று தொடையிலும் கணுக்காலிலும் மடிப்பு நேராக நின்றது. முழங்காலில் மட்டும் கசங்கிப் புடைத்திருந்தது. வலது உள்ளங்கையை மேசையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் டம்ளரைப் பிடித்திருந்தார். நூலகர் அவரிடம் மனைவியின் உடம்பை விசாரித்தார். நாளைக்கு அழைத்து வருகிறேன் என்றார் அவர்.

வெளியே வந்ததும் மாஸ்டருக்கு மூளையில் விளக்கெரிந்தது. நேற்று நர்ஸ் கூப்பிட்டபோது, வரவு செலவு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர் இஸ்திரி சார் ஒருவர்தான். பயிற்சியைக் கெடுக்க அவர்தான் பொம்மையை ஒளித்துவிட்டார். போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதான்.

"ஆள் சரி. காரணம் தப்பு" என்றார் நூலகர்.

பாராட்டா திட்டா என்று தெரியாமல் மாஸ்டர் நின்றார். நூலகர் மாடிப்படியின் கீழே நின்று, அவசரமே இல்லாமல் விளக்கினார்.

"பையை விட்டுட்டுப் போயிருக்காங்க. தலையும் நெஞ்சுமா ஒரு ஆளை அப்படியே தூக்கிக்கிட்டு கேட்டைத் தாண்ட முடியாது. அப்போ பொம்மை இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. விளையாட்டுக்குத் தூக்கினவங்க முகம் துடைக்கிற துணியை எதுக்கு எடுக்கணும்? ஒவ்வொரு தடவையும் துடைக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. யாரோ அதை அப்படியே கேக்கறாங்க. அழுத்தற வேகம் சீரா இருக்கணும்னும் அவங்கதான் சொன்னாங்க. அதுக்குத்தான் தாளப் பெட்டி."

"அப்போ குழாய்?"

"குழாய் இல்லை. என் தலைக்கு மேல பழைய டைப்பிங் ரூம். உடைஞ்ச நாற்காலி போட்டு வச்சிருக்கோமே, அது. தாளம் போட்டது அங்கேதான். முதல் மணியோட நின்னது. வகுப்புக்குப் போக வேண்டிய ஒருத்தர், காலையில சீக்கிரமே வந்து, மண்டி போட்டுப் பழகியிருக்கார். முழங்கால் கசங்கின மனுஷன் இங்க ஒருத்தர்தான். கையும் கன்னிப்போயிருக்கு."

"சரி, மத்தியானம் எல்லாரோடயும் பழகலாமே. எதுக்குத் திருட்டுத்தனம்?"

நூலகர் பலகை இருந்த பக்கம் பார்த்தார். "இடது பக்கம் குத்தினதும் நான்தான், வலது பக்கம் குத்தினதும் நான்தான். ரெண்டும் ஒரே வீட்டுச் செய்தின்னு எனக்கே இப்பத்தான் உறைக்குது" என்றார். சட்டையைப் பிடிக்கும் எண்ணம் மாஸ்டரிடமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

இடைவேளையில் நூலகரும் மாஸ்டரும் மாடிக்குப் போனார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, மடித்த துண்டின் மேல் இஸ்திரி சார் மண்டியிட்டிருந்தார். எதிரே மாப்பிள்ளை. அவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்த தாளப் பெட்டி அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நூலகர் குனிந்து அதை நிறுத்தினார்.

மணி அடிப்பதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றுதான் இருந்தாராம். அதற்குள் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. அரை ஆளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாணவர்கள் நடுவில் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மாஸ்டரைப் பார்த்தும் ஒரு முறை சொன்னார். மாஸ்டருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நேத்து எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பண்ணீங்க. அது தப்பில்லை" என்றார் இஸ்திரி சார். "எனக்கு அந்த முகத்தைப் பார்த்தா அவ முகம்தான் தெரியுது. உங்க முன்னாடி மண்டி போட்டிருந்தா அழுதிருப்பேன். அதான் தனியா வந்தேன். வீட்ல நாங்க ரெண்டே பேர். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா இதைச் செய்யத் தெரிஞ்சிருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். வேலையை விட்டுட்டுக் கூடவே இருந்துடலாம்னு பார்த்தேன். ஆனா காலையிலேர்ந்து அழுத்தறேன், நெஞ்சு இறங்கவே மாட்டேங்குது. கூடவே இருந்தும் என்னால முடியலைன்னா?"

விசில் மாஸ்டர், விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் எதிரே வெறும் தரையில் மண்டியிட்டார். ஒரு தடவை அழுத்தச் சொன்னார். பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தண்டால் எடுக்கக் கற்றுக்கொடுத்த கண்ணுக்குக் கோளாறு உடனே தெரிந்துவிட்டது.

"முழங்கை மடங்குது, சார். அதான் கை மட்டும் நோகுது. இன்னும் கிட்ட வாங்க. தோள் நேரா கைக்கு மேல வரட்டும். கையால அழுத்தாதீங்க, உங்க எடையை விடுங்க."

இஸ்திரி சார் கிட்டே நகர்ந்து, கையை நீட்டி, எடையை விட்டார். ரப்பர் நெஞ்சு இறங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி இறங்கியது. நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து கொட்டியதை அவர் துடைக்கவில்லை. மாஸ்டரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் ஓய்ந்ததும் நூலகர் மெதுவாகக் கேட்டார்: "நீங்க மருந்து வாங்கக் கடைக்குப் போவீங்க. குளிக்கப் போவீங்க. அசந்து தூங்குவீங்க. அப்போ யார் சார் இருப்பா?"

அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. முகம் வெளிறிப்போயிற்று. நூலகர் பயமுறுத்தக் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த யோசனையைச் சொல்லத்தான் கேட்டார்.

மதியம் ஆசிரியர்கள் எல்லோரும் கூடினார்கள். பொம்மை இருந்த இடத்தில் இருந்தது. யார் எடுத்தது, எதற்கு என்று நூலகர் எல்லார் முன்னாலும் விளக்குவார் என்று செடி மேடம் காத்திருந்தார். நூலகர் வாயைத் திறக்கவில்லை. இஸ்திரி சார்தான் எழுந்து நின்று, நான்தான் எடுத்தேன் என்று ஆரம்பித்து, மனைவியைப் பற்றிச் சொல்லி முடித்தார். பிறகு முதல் ஆளாகப் போய் மண்டியிட்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை. பாட்டு மேடம் தன் தாளப் பெட்டிக்குத் தானே சாவி கொடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, நர்ஸின் தயவில், மாப்பிள்ளை இஸ்திரி சார் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கூடத்தில் உட்கார இடமில்லை. மேல் வீட்டுக்காரர், எதிர் வீட்டுத் தையல்காரர், மருந்துக் கடைக்காரரின் மனைவி எல்லோரையும், நூலகர் சொன்ன யோசனைப்படி, இஸ்திரி சார் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். முறை வைத்து ஒவ்வொருவராக அழுத்தினார்கள். விசில் மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து எல்லார் முழங்கையையும் நிமிர்த்தினார். வேலையை விடவில்லை, திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வந்துவிடுகிறேன் என்று இஸ்திரி சார் நூலகரிடம் சொல்லியிருந்தார்.

அவருடைய மனைவி, தலையணை முட்டுக்கொடுத்த நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சுக்காக இத்தனை பேர் மூச்சு வாங்குவது அவருக்குக் கூச்சமாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. எல்லோரும் முடித்ததும் அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க."

உங்களுக்கு எதற்கம்மா, நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்றார் நர்ஸ்.

"இன்னைக்கே அழுத்தப் போறேன்னா சொன்னேன்? தெம்பு வந்ததும் செய்றேன். இப்போ இடம் மட்டும் காட்டுங்க." அவர் கணவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர இத்தனை பேர் கத்துக்கிட்டாங்க. இவருக்கு ஒண்ணுன்னா நான் வேண்டாமா?"

இஸ்திரி சார் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, மனைவியின் நாற்காலியை ஒட்டியிருந்த மேசையில் கிடத்தினார். மனைவி ரப்பர் நெஞ்சின் மேல் கை வைத்ததும், அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"அங்க இல்லம்மா" என்றார் இஸ்திரி சார். "கொஞ்சம் கீழ. இங்க."