சூடு ஆறாத பெட்டி

சுவிட்சை அணைத்த பிறகும் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப் கொஞ்ச நேரம் ரீங்கரித்துக்கொண்டிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த பழைய ஆம்ப் என்றால் அப்படித்தான். உள்ளே கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும் வரை, சிவந்த வால்வுகள் ஆறும் வரை, கடைசியாக வாசித்த ஸ்வரம் மெல்லத் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும். டாரலுக்கு அது அப்படித் தேய்வது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்று மத்தியானம் ஷெட்டில் சுவிட்சை அணைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்து, பாதி தேநீரைக் குடித்து, மீதிக் கோப்பையோடு திரும்பி வந்தபோதும் அது ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டான். வெயிலில் தகரக் கூரை டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் சுட்ட தூசியின் வாசனை, பழைய வார்னிஷ் வாசனை, அவற்றுக்கு அடியில் கண்ணாடிக் குழாய்கள் காயும்போது வருகிற லேசான கருகல் நெடி. ரீங்காரம் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. ஓர் அடி உள்ளே வைத்தான். சட்டென்று நின்றது. தேய்ந்து நிற்கவில்லை. அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காலடிச் சத்தம் கேட்டு வாயை மூடிக்கொள்வதுபோல் நின்றது.

"பழைய கெப்பாசிட்டர், வேறென்ன," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். தனக்குத் தானே சத்தமாகப் பேசுகிற பழக்கம் அவனுக்கு அதுவரை கிடையாது.

செம்மண் பாலைவனத்து ஊரான புரோக்கன் ஹில்லின் சுரங்கத்தில் டாரல் எலக்ட்ரீஷியன். பூமிக்கு அடியில் ஈரத்திலும் இருட்டிலும் மின்சாரத்தோடு மல்லுக்கட்டி, பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கிறவன். வார இறுதியில் கிட்டார்க்காரன். அந்த ஆம்பைப் போன மாதம் பக்கத்து ஊரான மெனிண்டியில், செத்துப்போன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினான். விற்ற அண்ணன் தம்பி இருவரும் அதைத் தோல் கையுறை போட்டுக்கொண்டு தூக்கி வந்தார்கள். ஒரு தடவை போட்டுக் கேட்கலாமா என்றதற்கு, "உன் வீட்டுல போய் ஆசை தீரக் கேளு," என்றான் மூத்தவன். சின்னவன் பெட்டியைப் பார்க்கவேயில்லை. பாதி விலைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் டாரல் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் போட்டுக் கேட்ட பிறகு சுத்தமாக மறந்தேபோனான். அதன் தொனி அப்படி. ட்ரெபிள் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, பேஸைக் கால்வாசியில் வைத்து, நடுக் குமிழை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் வால்வுகள் திணற ஆரம்பிக்கும். கம்பியை மெதுவாகத் தொட்டால் பாலாடையாகவும் அழுத்தித் தொட்டால் தொண்டை கம்மின ஆளின் குரலாகவும் வரும். அந்த இடத்தை ஒவ்வொரு கிட்டார்க்காரனும் வாழ்நாள் முழுக்கத் தேடுவான். டாரலுக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அதே இடத்தில், கிட்டாரைத் தொடாமல் சும்மா இருந்தால், ரீங்காரத்துக்குள் இன்னொன்று கேட்டது. நடுக் குமிழை ஒரு மயிரிழை கூட்டினால் கிட்டே வந்தது. குறைத்தால் தள்ளிப் போனது. மூச்சு. உள்ளே. வெளியே. உள்ளே.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே சிரிக்கும்.

"இன்னுமா அந்தப் பெட்டியோட குடும்பம் நடத்தற?" நோலீன் ஷெட் வாசலில் வந்து நின்றாள், தலையில் கர்லர் சுருள்களோடு. "என்னைக் கட்டிக்கிட்ட புதுசுல கூட இப்படி ராப்பகலாப் பக்கத்துல உக்காந்ததில்ல நீ."

"நீ இப்படி ரீங்காரம் பண்ணதில்லையே, நோலி."

"பண்ணினேன். உனக்குத்தான் காது கேக்கல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் கம்மியது. கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குக் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். அதற்கு முன்னால் அவள் பாடினால் மண்டபத்தின் கடைசி வரிசைக்கு மைக்கே வேண்டாம். இப்போது நூல் மாதிரி ஒரு குரல்தான் மிச்சம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு இன்று சாயங்காலம் ஊர் மண்டபத்தில் நடக்கும் நடனத்தில் மறுபடியும் பாடப் போகிறாள். பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இன்று சிரிப்புக்கு இடமானால் இனி வாயே திறக்கமாட்டாள் என்பது டாரலுக்குத் தெரியும்.

"இந்த மைக் வயரைச் சுத்தி வைக்கட்டா? தொடலாமா?" என்று கேட்டாள்.

அது அவர்கள் வீட்டுச் சட்டம். டாரலின் சாமான் எதையும் நோலீன் கேட்காமல் தொடமாட்டாள். மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் டாரலும் பதில் சொல்லமாட்டான். சுரங்கத்துப் பழக்கம். பார்த்துவிட்டு, "தொடலாம்," என்றான்.

அவள் போனதும் பெட்டியைத் திறந்துவிடுவதென்று முடிவு செய்தான். பிளக்கைப் பிடுங்கித் தன் கண்ணுக்கு முன்னால் பெஞ்சில் வைத்தான். இடது கையைப் பின்பாக்கெட்டுக்குள் செருகினான். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதால், வால்வு ஆம்பைத் திறக்கிறவர்கள் எல்லோரும் ஒற்றைக் கையால்தான் வேலை செய்வார்கள். ரெசிஸ்டர் வைத்த வயரைக் கெப்பாசிட்டரில் பிடித்து, மிச்சத்தை எல்லாம் வடித்தான். மீட்டரை வைத்தான். பூஜ்யம்.

வயரை எடுத்தான். மீட்டரில் வோல்ட் எண் நகர்ந்தது. இரண்டு. ஐந்து. பதினொன்று.

இதுவும் அதிசயமில்லை. வடித்த கெப்பாசிட்டர் கொஞ்சம் தலைதூக்கத்தான் செய்யும், பழையது என்றால் கூடுதலாகவே. இருபதில் நிற்கும் என்று காத்திருந்தான். நாற்பது. பாக்கெட்டுக்குள் கை வியர்த்தது. எழுபது. பிளக்கைப் பார்த்தான். பெஞ்சில்தான் கிடந்தது. நூற்றுப் பத்து. கூரை டிக் டிக்கென்றது. அந்தத் தாளத்துக்கே எண் ஏறுவதுபோல் இருந்தது. இருநூறைத் தாண்டியதும் மறுபடி வயரை வைத்தான். பட்டென்று நீலப் பொறி பறந்து வயரின் நுனி உருகிப்போனது.

அப்போதே அதைத் தூக்கிக் குப்பை மேட்டில் போட்டிருக்கவேண்டும். ஆனால் மனுஷனுக்குப் பிடித்த பொருள் என்றால் புத்தி வக்கீலாகிவிடுகிறது. மீட்டர் பேட்டரி பழசு என்றான். வெயில் சூடு என்றான். இன்று ஒரு நாள் நோலிக்காக என்றான். மூடித் திருகினான்.

நாலு மணிக்குச் சாமான்களை மண்டபத்தில் இறக்கும்போது மேற்கே வானம் செங்கல் நிறத்தில் சுவராக எழுந்து நின்றது. "மண்புயல் வருது," என்றான் ஸ்டிபே, அவர்கள் இசைக்குழுவின் பேஸ் கிட்டார்க்காரன், பகலில் பேக்கரியில் வேலை. "ஆடறதுக்கு நாலு பேர் வந்தாலே பெரிசு."

டாரல் எல்லாவற்றையும் முறைப்படியே செய்தான். முதலில் ஸ்பீக்கர் வயர். ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். பிறகு கிட்டார் வயர், பிளக். வால்வு சிவக்கும் வரை காத்திருந்து, ஒலியைத் திறந்துவிடுகிற ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டினான்.

மண்டபம் அதிர்ந்தது. ரீங்காரம் தரைப் பலகை வழியாகக் கால் எலும்புக்குள் ஏறியது. மேடையில் நோலீன் மைக் முன்னால் நின்று ஒரு வரி பாடினாள். அவள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. குரல் அந்த இரைச்சலில் எங்கேயோ மூழ்கிப்போனது. அவள் நிறுத்திவிட்டுப் பின்கட்டுச் சமையலறைக்குப் போனாள். சாண்ட்விச் பார்க்கப் போவதாகச் சைகை காட்டினாள். கண் சிவந்திருந்தது.

"மைக் ஒரு எர்த்துல, உன் பெட்டி இன்னொரு எர்த்துல. அதான் கத்துது," என்றான் ஸ்டிபே. "அந்தக் கறுப்பு வயரைப் போடுடா."

எர்த் கம்பியை வெட்டிய குட்டி வயர். பழைய இசைக்குழு எதுவானாலும் சாமான் பெட்டியின் அடியில் ஒன்று கிடக்கும். இரைச்சலைக் கொன்றுவிடும். கூடவே ஆளையும் கொல்லும். ஆம்பின் இரும்பில் மின்சாரம் கசிந்தால் போக வழியில்லாமல் கிட்டார்க் கம்பிக்கு வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் தீர்ந்தது.

"அதைத் தொட்டவன் கையை ஒடிப்பேன்னு சொன்னது நான்தான்டா."

"அப்போ உன் பொண்டாட்டி பாட்டை அந்தப் பெட்டிக்கிட்டயே பாடச் சொல்லு."

டாரல் சமையலறைக் கதவைப் பார்த்தான். சோதனைக்குத்தான், ஒரு நிமிஷம்தான் என்று குனிந்து, ஆம்பின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பு வயரை மாட்டினான்.

அமைதி.

அப்படி ஓர் அமைதியை அவன் எந்த ஆம்பிலும் கேட்டதில்லை. ரீங்காரம் இல்லை. மூச்சும் இல்லை. இவ்வளவு நாளாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

மாற்றிவிடவேண்டும் என்று மறுபடி குனிந்தபோது ஜன்னல்கள் சிவந்தன. மணல் வந்து கண்ணாடியில் அறைந்தது. சிவப்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, பட்டப்பகல் அணைந்துபோனது. விளக்கு இரண்டு தடவை துடித்துச் செத்தது. சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. ஊரே இருண்டது.

"ஜன்னலைச் சாத்தறேன்!" ஸ்டிபேயின் குரல் வாசல் பக்கம் ஓடியது.

டாரல் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டான். கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை. கறுப்பு வயரைக் கழற்ற இனி அவசரமில்லை. மேடை மேல் செருப்புச் சத்தம் கேட்டது. நோலீன் தடவித் தடவி வந்துகொண்டிருந்தாள்.

"கேட்டேன் டாரல். இரைச்சல் நின்னுபோச்சு. எனக்காக என்னமோ பண்ணிட்ட." குரலில் சிறுபிள்ளைச் சந்தோஷம். "உன் கிட்டார் தடுக்குது. எடுத்து வைக்கறேன். தொடலாமா?"

மீட்டர் பைக்குள் இருந்தது. பை இருட்டில் எங்கேயோ இருந்தது. ஊருக்கே கரண்ட் போன பிறகு மீட்டர் எதற்கு?

"தொடலாம்," என்றான்.

கிட்டார் கம்பிகள் லேசாக உரசின. மைக் கம்பத்தைப் பிடித்து அவள் நிமிர்கிற சத்தம். சின்னதாக ஒரு "ஹ".

பிறகு சத்தமே இல்லை.

"நோலி?"

மேடைச் சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் படிந்தது. மெதுவாக. ஆம்பின் பின்புறத்திலிருந்து. வால்வுகள் சிவந்துகொண்டிருந்தன.

"நோலி, விடு. கையை விடு!"

விடவில்லை. விட முடியவில்லை. ஒரு கை கிட்டார்க் கழுத்தில். மறு கை மைக் கம்பத்தில். முதுகு வில்லாக வளைந்திருந்தது. தொடக்கூடாது. தொட்டால் இரண்டு பேரும். டாரல் தரையில் பாய்ந்தான். ஆம்பின் வயரைப் பற்றி இழுத்தான். சுவரிலிருந்து பிளக் கையோடு வந்தது. வெளிச்சம் குறையவில்லை. கிட்டார் வயரைப் பிடுங்கினான். வந்தது. மைக் வயரைப் பிடுங்கினான். அதுவும் வந்தது. மூன்று வயர்களும் அவன் கையில் தொங்கின. எதுவும் எதோடும் சேர்ந்திருக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி மைக் கம்பத்தை அடித்தான். கம்பம் அசையவில்லை. அவளும் அசையவில்லை.

அப்போது பாட்டு ஆரம்பித்தது.

நோலீனின் குரல். இரண்டு வருஷத்துக்கு முந்தைய குரல். முழுசாக, கம்மாமல், மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும். பெட்டியிலிருந்து வந்தது. நடுக் குமிழ் தானாக, ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. குரல் இன்னும் கிட்டே வந்தது.

வாசலில் ஸ்டிபே நின்றுவிட்டான். "அம்மாடி," என்றான் சந்தோஷமாக. "எப்படிப் பாடறா பாரு!"

ஆரஞ்சு வெளிச்சத்தில் டாரல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்கள் மட்டும் அசைந்தன. அவை அவனைத் தேடி வந்து, அவன்மேல் நின்றன. பாட்டு அடுத்த வரிக்குப் போனது.