இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு கோடு

"ஏட்டி, சிலிண்டர்ல காத்து நூத்தறுவதுதான் காட்டுது! எங்கயோ கசிஞ்சிருக்கு. இன்னைக்கு வேண்டாம்!" படகிலிருந்து கத்தினான் ரெமிஜியுஸ்.

"நாளைக்குச் சோழகக் காத்து எழும்பிட்டா இந்தப் பக்கம் வர முடியுமாண்ணே?" என்றாள் அவன் சித்தப்பா மகள் ஜெசிந்தா. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் அப்பா தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, ஓட்டிய சரக்குத் தோணி காணாமல் போய் மூன்று வருடம். தோணியை விற்றுவிட்டு ஓடிவிட்டார் என்று துறைமுகமே வாய் கூசாமல் பேசியது. நேற்று வலை சிக்கிய இந்த இடத்தில், கடலடியில் ஒரு தோணி கிடக்கிறது. அதன் மணியில் பெயர் இருக்கும்!

கரையோரம் ஐந்து மீட்டரில் மூழ்கிப் பழகியபோது சிலிண்டரின் காற்று நிமிடத்துக்கு நான்கு குறைந்தது. அதைப் பிளாஸ்டிக் சிலேட்டில், நிறைந்த சிலிண்டரின் இருநூறில் தொடங்கிச் சரியும் கோடாக வரைந்து வைத்திருந்தாள். இப்போது அதை அழித்துவிட்டு, நூற்றறுபதில் தொடங்கி அதே சரிவில் இழுத்தாள். கோடு நாற்பதைத் தொட்டது முப்பதாவது நிமிடத்தில்.

"நாப்பது வந்ததும் ஏறிருவேன். முப்பது நிமிசம் போதும்!" கணக்கில் புலிதான், ஆனால் அவசரப் புலி. தொப்பென்று குதித்தாள்.

இருபது மீட்டர் ஆழம். ஐந்தாவது நிமிடத்தில் சிலிண்டரின் காற்றுமானியைப் பார்த்தாள். நூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபது! மறுபடியும் கசிவா? இல்லை. அப்புறம்தான் உறைத்தது: இந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் ஐந்து மீட்டரில் தின்றதைப்போல் இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். தொடக்கத்தைத் திருத்தியவள் சரிவைத் திருத்த மறந்துவிட்டாள்!

நூற்றறுபதையும் நூற்றிருபதையும் சேர்த்துப் புதுக் கோடு இழுத்தாள். அது சரசரவென இறங்கி, பதினைந்தாவது நிமிடத்திலேயே நாற்பதில் முட்டியது. இன்னும் பத்தே நிமிடம்.

முன்பக்கப் பலகைக்கடியில் மணி! மண்ணை வாரினாள். அசையவில்லை. பன்னிரண்டாவது நிமிடம். படகிலிருந்து கொண்டுவந்த கயிற்றை மணியின் வளையத்தில் கோத்து முடிந்தாள். பதினான்கு. பெயரைப் பாசி மூடியிருந்தது. கொஞ்சம் சுரண்டினால் தெரிந்துவிடும்! அப்பாவையே விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

எஞ்சினைக் கிளப்பி ரெமிஜியுஸ் கயிற்றை இழுத்தான். மணி படகுக்கு வந்தது. கத்தியால் பாசியைச் சுரண்டினான். 'சந்தன மாதா.' அப்பாவின் தோணியேதான்! ஜெசிந்தா மணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாத்தேண்ணே. எவ்வளவு வேகமா எறங்குதுன்னு பாக்கல," என்றாள் கண்ணைத் துடைத்தபடி.

மணியை அடித்துக்கொண்டே துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். ஜெசிந்தாவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெயரை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"எம் புருசன் ஓடிப்போவல."