துருவி தேர்ந்தெடுத்த புத்தகம்

எதையும் துருவித் துருவிக் கேட்பதால், வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மறுநாள் அப்பாவோடு நகரத்துக்குப் போகிறாள். வழிகாட்டிப் புத்தகம் வாங்கும் பொறுப்பு அவளுடையது.

பழைய புத்தகக் கடையில் மூன்று வழிகாட்டிகள் கிடைத்தன. முதலில் இருந்தது பளபளவென்று மின்னியது.

"இதையே எடு. படம் நிறைய இருக்கு," என்றார் அப்பா.

"இருங்கப்பா. நமக்குத் தெரிஞ்ச இடத்தை வெச்சுப் பாக்கலாம்."

மூன்றிலும் கடைசியில் அவர்களுடைய ஊரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பளபளப்புப் புத்தகம், ஊர் ஏரியில் படகு விடுகிறார்கள் என்றது. அடுத்தது, மலையே இல்லாத ஊரில் மலையேறச் சொன்னது.

அப்பா சிரித்துவிட்டார். "நம்ம ஊர்ல ஏறணும்னா தண்ணித் தொட்டி மேலதான் ஏறணும்."

மூன்றாவதன் அட்டை கிழிந்திருந்தது. ஆனால் ஏரி, கடைத்தெரு, ரயில் நிலையம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஓரங்களில் ஒரு குழந்தையின் பென்சில் எழுத்து: 'இங்கே படி வழுக்கும்.' 'இங்கே தண்ணீர் கிடைக்கும்.'

"நகரத்து அருங்காட்சியகத்துல மேல்மாடியைச் சுத்தம் பண்ணினப்போ கிடைச்சதும்மா," என்றார் கடைக்காரர். "யாரோடதுன்னு தெரியல. யாரும் கேட்டு வரவும் இல்ல."

அந்தக் கிழிந்த புத்தகத்தையே வாங்கிவந்த துருவி, அன்றிரவு அதில் அருங்காட்சியகப் பக்கத்தைப் பார்த்தாள். 'பொம்மை அறை. கதவு தானா மூடிக்கும். உள்ளே கைப்பிடி இல்லை.' அந்த வரியில் மட்டும் எழுத்து நடுங்கியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அருங்காட்சியகத்தில் அப்பா பழைய கடிகாரங்களை விட்டு நகர்வதாயில்லை. "மேலே போய் எட்டிப் பாத்துட்டு வரேன்பா," என்று துருவி படியேறினாள்.

மேல்மாடியில் ஆள் அரவமே இல்லை. வெயில் ஜன்னலோடு நின்றுவிட்டது.

டொக். டொக்.

கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. துருவி ஓரடி பின்வாங்கினாள். ஓடிவிடலாமா? அப்போது உள்ளே ஒரு விசும்பல் கேட்டது.

அவள் கனமான கதவைத் தள்ளினாள். அலமாரிகளில் வரிசையாகப் பொம்மைகள், எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு. மூலையில் மேசைக்கடியில் நாலு வயதுப் பையன் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வெளியே வாடா தம்பி."

"பொம்மை பாக்குது. பயமா இருக்கு."

ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள். கதவு முதுகைத் தள்ளியது. உள்பக்கம் தடவிப் பார்த்தாள், கைப்பிடி இல்லை. கையிலிருந்த புத்தகத்தைக் கதவிடுக்கில் செருகினாள். கதவு அதைக் கடித்துக்கொண்டு நின்றது. அதன்பிறகுதான் உள்ளே போனாள்.

"என் கையைப் பிடிச்சுக்கோ. பொம்மையைப் பாக்காதே, என் செருப்பைப் பாத்துக்கிட்டே வா."

வெளியே வந்ததும் பையன் மூக்கை உறிஞ்சினான். "அந்த அக்கா வரலயா?"

"எந்த அக்கா?"

"என்கூட உக்காந்திருந்தாங்க. அழாதே, புத்தகம் வெச்சிருக்கிறவங்க வருவாங்கன்னு சொன்னாங்க."

"கதவைத் தட்டினது நீதானே?"

"நான் தட்டல. நான் மேசைக்கடியிலதான் இருந்தேன்."

துருவி திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. கீழே ஓர் அம்மா பதறிப்போய் மகனைக் கூப்பிடும் குரல் கேட்டது. "அம்மா," என்று பையன் படியில் இறங்கி ஓடினான்.

அவளுக்கும் ஓட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் கதவை அகலத் திறந்து தோளால் தாங்கிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "நான் கதவைப் பிடிச்சிருக்கேன். நீங்களும் வாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு குளிர்ந்த காற்று ஒன்று அவள் முழங்கையை உரசிக்கொண்டு வெளியேறியது. படிகளில் சின்னக் காலடிகள் தடதடவென்று இறங்கின. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுகிற பிள்ளையைப் போல, ஒரு தடவைகூட நிற்காமல்.