ஓசோன் ஏறாத அறை

ஏற வேண்டிய எண் ஏறவில்லை.

கதிரேசன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். சாத்திய அறைக்குள் ஓசோன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அதன் அருகில் வைத்த சென்சாரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவன் மடியிலிருந்த மீட்டரில் முடிந்தது. அரை மணி நேரத்தில் இருபதைத் தொட்டிருக்க வேண்டும். ஏழுவரை வந்தது. ஆறுக்கு இறங்கியது. மறுபடி ஏழு. மறுபடி ஆறு.

பொழிச்சலூரில் அந்த வீட்டை எல்லோருக்கும் தெரியும். பெரியவர் சுப்பராயலு ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்திலேயே கட்டிய வீடு. கடைசிப் பதினோரு மாதம் அவர் இந்த அறையில்தான் கிடந்தார். முதுகில் படுக்கைப்புண். எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். மெத்தையை எரித்து, பினாயில் ஊற்றி, இரண்டு முறை வெள்ளையடித்தும் வாடை போகவில்லை என்று மகன் பாலு போனில் சொல்லியிருந்தான். அவன் மனைவி ஓவியாவுக்கு இது எட்டாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தையை இந்த அறையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு ஏ.சி. மெக்கானிக் வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் கதிரேசன். துடைப்பமும் துணியும் போகாத விரிசலுக்குள்ளும் ஓசோன் போகும். கிருமியின் தோலைக் கிழிக்கும். ஆனால் கிருமி எது, மனிதனின் நுரையீரல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் அவன் கட்டிலடி, பரண், குளியலறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஜன்னல் மூலையிலிருந்த பல்லியைக்கூட விரட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

எங்காவது கசிகிறதோ என்று எழுந்து டேப் ஒட்டிய ஓரமெல்லாம் விரலால் தடவினான். கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்தான். மூக்கை வைத்து முகர்ந்தான். ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்தக் காரமான வாடை, அது துளிகூட வெளியே இல்லை. கசியவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பது எங்கே போகிறது? திரைச்சீலையோ மரமோ குடித்தால் எண் இறங்கும். இறங்கினால் இறங்கியதுதான். இப்படி ஏறி இறங்காது.

வெளியே ஐப்பசி மழை. மதியம் மூன்று மணிக்கே கூடம் இருண்டு கிடந்தது. விமானம் ஒன்று மொட்டை மாடியை உரசுவதுபோலத் தாழ்ந்து போனது. அதன் இரைச்சல் அடங்கி, ஜன்னல் கண்ணாடிகளின் அதிர்வும் நின்று, மிஷின் இரைச்சலும் மழைநீர் குழாயில் இறங்கும் சத்தமும் மட்டும் மிஞ்சியபோதுதான் கதிரேசனுக்கு அது உறைத்தது. இவ்வளவு நேரமும் அந்த எண்ணோடு சேர்ந்து அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எண் இறங்கும்போது இழுத்து, ஏறும்போது விட்டு.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்குப் பதினெட்டு.

மிஷினை அணைத்தான். புகைபோக்கி ஃபேனை ஓடவிட்டுக் காத்திருந்து, முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். வெறும் கட்டில். வெறும் அலமாரி. குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. முகமூடியை லேசாக விலக்கி முகர்ந்தான். ஓசோனின் காரத்துக்கு அடியில் அழுகிய பலாச்சுளைபோல ஒரு தித்திப்பு இன்னும் இருந்தது.

"சார், இந்த ரூமுக்கு வேற வழி எதனா கீதா?" என்று வெளியே வந்து கேட்டான்.

"இல்லியே. இன்னாத்துக்கு?" என்றான் பாலு.

"ரீடிங் ஏறி எறங்கிகினே கீது."

பாலு மனைவியைப் பார்த்தான். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓவியாதான் வாயைத் திறந்தாள்.

"முதல்ல வந்தவரும் இதைத்தான் சொன்னார்."

"முதல்ல வந்தவரா?"

"மேடவாக்கத்துலேருந்து ஒருத்தர். பாதியிலேயே நிறுத்திட்டுக் கிளம்பிட்டார்."

"அவன் மிஷின் சரியில்ல" என்றான் பாலு அவசரமாக.

கதிரேசனுக்கும் கிளம்பிவிடத்தான் தோன்றியது. ஆனால் பலாச்சுளை வாடை பொய்யில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் பொய்யில்லை. அவள் வயிறும் பொய்யில்லை. "அண்ணா, இந்த ஒரு தடவை முழுசா பண்ணிடுங்க. குழந்தை வரப்போகுது" என்றாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல இருந்தது.

"சரிம்மா. நீங்க பக்கத்து வூட்ல போய் இருங்க. புள்ளத்தாச்சி, இதெல்லாம் ஆவாது."

அவள் நகரவில்லை.

வண்டியிலிருந்த சின்ன மிஷினையும் கொண்டுவந்து உள்ளே வைத்தான். இன்னொரு முறை எல்லா இடத்தையும் பார்த்தான். கதவைச் சாத்தி, டேப் ஒட்டி, இரண்டு மிஷின் ஒயர்களும் செருகியிருந்த கூடத்துச் சுவர் சுவிட்சைப் போட்டான்.

இரண்டு மிஷின்களின் இரைச்சலில் எண் சரசரவென்று ஏறியது. எட்டு. பத்து. பன்னிரண்டு.

நின்றது.

ஏழுக்கு இறங்கியது. பன்னிரண்டு. ஏழு. இம்முறை வேகம். நாய் மூச்சிரைப்பதுபோல. பிறகு, மிஷின் இரைச்சலுக்கு நடுவே, கதவுக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

அந்த இருமலை அவனுக்குத் தெரியும். சளி இருமல் இல்லை. ஒருமுறை கவனக்குறைவாக ஓசோனை இழுத்துவிட்டு மூன்று நாள் அவனே அப்படி இருமியிருக்கிறான். நெஞ்சுக்குள் மணலைப் போட்டுத் தேய்ப்பதுபோல வறட்டு இருமல்.

சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான். அதற்குள் ஓவியாவின் கை அதன்மேல் இருந்தது.

"உள்ள ஆள் கீறாங்கம்மா!"

"நீங்கதானே பாத்தீங்க? யார் இருந்தா?"

அவன் பார்த்தான்தான். இரண்டு முறை பார்த்தான். யாரும் இல்லை.

"பதினோரு மாசம் பக்கத்துல படுத்துக் கேட்ட மூச்சுண்ணா இது" என்றாள், குரலை உயர்த்தாமல். "புண்ணைக் கழுவி, துணி மாத்தி, எல்லாம் நான்தான் பண்ணேன். ஒரு குறை வைக்கல. காரியமும் முடிஞ்சுது. இன்னும் நிக்கல. ஒரு ராத்திரி தூங்கல நான்."

பாலு ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

சிரிப்புச் சத்தம். விளம்பரப் பாட்டு. அதற்கும் அடியில் இருமல். கட்டில் கிறீச்சிட்டது. எதுவோ தரையில் இறங்கியது. பொத்தென்று இல்லை, மெதுவாக. பிறகு இழுபடும் சத்தம். நின்றது. இழுபட்டது. நின்றது.

கதவருகே வந்துவிட்டது.

ஈரத்துண்டு அசைந்தது. ஒரு விரற்கடை உள்ளே போனது. இன்னும் ஒரு விரற்கடை.

"தண்ணி."

கிழட்டுக் குரல். கெஞ்சல்கூட இல்லை. பழக்கத்தில் கேட்பதுபோல.

"தண்ணி... ஓவியா..."

ஓவியா கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. அந்தக் கையை அவன் தள்ளியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஓர் எட்டு எடுத்து வைத்தாலே போதும்.

அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது. பன்னிரண்டு. பத்து. பதிமூன்று. இறக்கம் குறைந்துகொண்டே வந்தது. துண்டு அசையவில்லை. பதினைந்து. பதினெட்டு. ஒரு சின்ன இறக்கம், பதினேழு. மறுபடி பதினெட்டு.

இருபது.

இருபது.

இருபது.

பாலு டிவியை அணைத்தான். "ஆச்சா?"

கதிரேசன் தலையை மட்டும் ஆட்டினான். ஓவியா கையை எடுத்ததும் மிஷினை அணைத்து, காற்று வெளியேற ஃபேனைப் போட்டான். ஒரு மணி நேரம் ஃபேன் ஓடியது. மழை விட்டது. தெருவிளக்கு எரிந்தது. ஓவியா இருந்த இடத்திலேயே சரிந்து, வாய் லேசாகத் திறந்தபடி, அடித்துப்போட்டதுபோல உறங்கிப்போனாள்.

மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. கதிரேசன் எழுந்து டேப்பை உரித்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பி உள்ளே தள்ளினான்.

கதவு திறக்கவில்லை.

பூட்டு இல்லை. தாழ்ப்பாள் இல்லை. தோளைக் கொடுத்து அழுத்தினான். கீழ்ப்பாதியில் எதுவோ தடுத்தது. கெட்டியாக இல்லை. மெத்தென்று. அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"இன்னா ஆச்சு?" என்று பாலு பின்னால் வந்து அவனும் கை வைத்தான்.

கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. இருட்டு. முகமூடிக்குள்ளும் தெரிந்தது, பலாச்சுளை வாடை அடியோடு போயிருந்தது. அறை அவ்வளவு சுத்தம். கதவில் சாய்ந்திருந்த பாரம், துணி மரத்தில் உரசும் சத்தத்தோடு மெதுவாகச் சரிந்து தரையில் இறங்கியது.

"அப்பா" என்றான் பாலு.

இடுக்கின் அடியில், கூடத்து விளக்கு வெளிச்சத்தில், ஒரு கிழவரின் கை வந்து விழுந்தது. ப்ளீச்சிங் பவுடரில் ஊறியதுபோல நகம் முதற்கொண்டு வெளுத்திருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.