சோணையின் கிராபிக்ஸ் கார்டு

புத்தம்புதுக் கம்ப்யூட்டரில் சந்தனம் மணக்கக் கூடாது. பிளாஸ்டிக் மணக்கலாம், பிராசசர் மேல் தடவிய பசை லேசாக மணக்கலாம். ஆனால் ஞாயிறு மத்தியானம், வண்டியூர் வீட்டு மாடியறையில், ஒரு வாரமாக ஒவ்வொரு பாகமாகத் தன் கையாலேயே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டரை முதன்முதலாக ஓடவிட்ட அருண்பாண்டிக்கு, மூன்று ஃபேன்களும் சேர்ந்து முகத்தில் வீசிய வெதுவெதுப்பான காற்றில் ஈரச் சந்தனம்தான் மணத்தது. வீட்டில் வேறு யாருமில்லை. அம்மாவும் அப்பாவும் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். கிராபிக்ஸ் கார்டின் கறுப்பு முதுகில் ஒரு சந்தனப் பொட்டு. போன ஆயுத பூஜைக்குச் சோணை தன் கட்டைவிரலால் வைத்தது. அட, அதை நேற்றே ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தாயிற்றே!

ஆமாம், அந்த ஒன்று மட்டும் கடையில் வாங்கியதில்லை. செத்துப்போன சிநேகிதனுடையது. பைக் விபத்தில் சோணை போன பதினாறாம் நாள், அவன் அம்மா அழகம்மாள், "அவன் போட்டோ எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளதான் இருக்காம்யா. நான் பாக்குற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போ" என்று இவன் கையைப் பிடித்துக் கேட்டாள். இவன் கதவைச் சாத்திக்கொண்டு கார்டைக் கழற்றினான். பையில் கொண்டுபோயிருந்த, படம் சரியாகக் காட்டாத தன் பழைய கார்டை அங்கே மாட்டினான். காபியோடு வந்து கதவைத் தட்டினாள் அந்த அம்மா. திருடியதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அதே கையால் டம்ளரை வாங்கிக் குடித்தான். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சவத்துக்கு இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிய துணியைக் கொள்ளி வைக்கும் முன் அவிழ்த்துவிட வேண்டும். சுடுகாட்டில் கைப்பக்கம் நின்றவன் இவன்தான். அப்போதும் புத்தி அந்தக் கார்டின் மேலேயே கிடந்தது. "அவுத்தாச்சா மாப்ள?" என்று யாரோ கேட்டார்கள். "ஆச்சு" என்றான். அவிழ்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

போன் அடித்தது. அழகம்மாள்.

"ஏய்யா அருணு, அவன் மூஞ்சியே தெரிய மாட்டேங்குது. கோடு கோடா வருது. நேத்துலருந்து பெட்டி முன்னாடியே உக்காந்திருக்கேன்."

"பழைய பெட்டிம்மா. அப்படித்தான் இருக்கும்."

என்ன பிழைப்பு இது! காதுமடல் இரண்டும் வெட்கத்தில் சுட்டன. பெற்றவளுக்குப் பிள்ளை முகம்கூட இல்லாமல் செய்துவிட்டு, அதற்கு ஒரு பொய் வேறு.

ஃபேன்கள் நின்றன.

கார்டில் இப்போது இரண்டு பொட்டுகள். பக்கத்தில் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு. இரண்டிலும் கட்டைவிரல் ரேகை. ஈரமாக.

கொடுத்துவிடலாம். கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அந்த அம்மா காலில் விழுந்துவிடலாம். வயரைப் பிடுங்கினான். உள்ளே விளக்குகள் அணையவில்லை.

"அம்மா, இப்பவே வாரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா..."

"இருய்யா, இரு. வந்துருச்சு!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "பளிச்சுன்னு தெரியுது. அட, நீதாம்யா. முதுகைக் காட்டிக்கிட்டு, காதுல போனை வச்சு உக்காந்திருக்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"உனக்குப் பின்னாடி எம்மகன் நிக்கிறான்யா."

சந்தன வாசனை பிடரிக்கு வந்திருந்தது. கூடவே புகை.

"எதுக்குய்யா ரெண்டு கையையும் உன் தலைக்கு மேல தூக்குறான்? அய்யய்யோ... கட்டைவிரல்ல கட்டுன துணிய அவுக்கவே இல்லையா நீங்க?"

திரும்பவில்லை. முடியவில்லை.

மாலை விழுவதுபோல இரண்டு கைகள் அவன் தலையைத் தாண்டிக் கழுத்தைச் சுற்றி இறங்கின. ஓரம் கருகிய வெள்ளைத் துணியில் இறுகிய இரண்டு கட்டைவிரல்கள், சந்தனம் காயாமல், அவன் மூக்குக்கு நேரே வந்து நின்று காத்திருந்தன.